வாசம் வருதுங்களா அப்பத்தா?

ஆவணி 21, சனிக்கிழமை

முதல் பக்கத்தில் நல்லதை எழுதுங்கள் என்று சொல்லித்தான் தாரணி இந்த நோட்டைக் கொடுத்தாள். நல்லதுக்கு எங்கள் வீட்டில் குறைவில்லை. தாரணி என் மகள் வயிற்றுப் பேத்தி. பல் டாக்டர். பெருந்துறையில் சொந்தமாகப் போர்டு மாட்டியிருக்கிறாள். அவள் தங்கை பிரவீணா ஜெர்மனியில் படிக்கிறாள். அந்த ஊர்ப் பேச்சிலேயே பரீட்சை எழுதித் தொண்ணூற்றிரண்டு மார்க். கடைக்குட்டி மிருணா சக்கரச் செருப்பு ஓட்டி மாநிலப் போட்டியில் வெள்ளி வாங்கினாள். தங்கம் வாங்கினவளுக்குப் பதிமூன்று வயசு, இவளுக்குப் பதினொன்று. அப்படிப் பார்த்தால் இதுவும் தங்கம்தான்.

எல்லாருக்கும் மேலே விசாகன். என் மகன் குமாரசாமியின் ஒரே பையன். மோட்டார் இஞ்சினியர். பூனாவில் ரேஸ் வண்டி கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. நூற்று நாற்பது பேரைக் கூப்பிட்டு மூன்று பேரை எடுத்தார்களாம், அதில் ஒருத்தன். ஐந்தாவது படித்த எனக்கு இந்தக் கொடுப்பினை.

வேலையில் சேர இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல் இருக்கிறது. சும்மா இருக்கிற பிள்ளையா? பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பில் தேங்காய் மட்டைக்கு நடுவே இருபத்திரண்டு வருசம் கிடந்த ஒரு பழைய ரேஸ் காரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டான். பச்சைக் கலர். ரெண்டே சீட்டு. மேலே கூரை கிடையாது.

"மழை வந்தா என்றா பண்ணுவே? குடை புடிச்சுட்டு ஓட்டுவியா?" என்றேன்.

"நீங்க பக்கத்துல உக்காந்து புடிங்க அப்பத்தா."

என் நெய்க் கொட்டகையில்தான் நிறுத்தியிருக்கிறான். முப்பத்தெட்டு வருசம் ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி நான் உருக்கின இடம். சிங்காநல்லூர் முழுக்க இன்னும் என்னை நெய்யம்மா என்றுதான் கூப்பிடும். இப்போது தீபாவளிக்கு மட்டும் ஏழெட்டு வீட்டுக்குக் காய்ச்சித் தருகிறேன், அதுவும் சமையல்கட்டிலேயே.

ஆவணி 24, செவ்வாய்

இன்று வண்டிக்கு அடியில் படுத்து ஒரு குழாயைக் கழற்றினான். பின்னால் இருக்கிற பெட்ரோல் டேங்கிலிருந்து முன்னால் எஞ்சினுக்குப் போகிற குழாய். இரும்பு. துரு ஏறிச் செம்மண் மாதிரி இருந்தது. லேசாக வளைத்தான், தட்டுவடை மாதிரி நொறுங்கிப் போனது.

"இதோட ஓட்டியிருந்தா?" என்றேன்.

"பத்தி எரிஞ்சிருக்குமுங்க."

"வாயைக் கழுவுடா."

புதுசாகச் செம்புக் குழாய் போடப் போகிறானாம். மூன்று ஜாயிண்ட். டேங்குக்கிட்ட ஒன்று, நடுவில் ஒன்று, எஞ்சின் பக்கம் ஒன்று. குழாயின் வாயைப் புனல் மாதிரி விரித்து, நட்டு போட்டு முறுக்க வேண்டும். நான் நெய் கேனுக்கு மூடி திருகுகிற மாதிரிதான். ஆயுத பூஜை அன்றைக்கு வண்டிக்குப் பொட்டு வைத்து, ரோட்டில் இறக்கிவிட வேண்டும் என்று கணக்கு.

அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அப்பத்தா, சொட்டுறது கண்ணுக்குத் தெரியும். கசியுறது மூக்குக்குத்தான் தெரியும். என்ற மூக்கு பெட்ரோல்லயே ஊறிப் போச்சுங்க, ஒண்ணும் புரியறதில்லை. குழாய் மாட்டினதும் நீங்கதான் பார்த்துச் சொல்லோணும்."

நான் சிரித்தேன். அவன் கேட்டதில் தப்பில்லை. வெண்ணெய் கொண்டுவருகிறவர்கள் கூடையை இறக்கும் முன்னே, இது நேற்றுக் கடைந்தது, இது முந்தாநாளுடையது என்று சொல்வேன். ஒருத்தன் பயந்துகொண்டு ரோட்டோரமாகவே கூடையோடு திரும்பிப் போயிருக்கிறான்.

மாசியில் காய்ச்சல் வந்ததிலிருந்து கொஞ்சம் சளி. அவ்வளவுதான். சரியாகிவிடும்.

ஆவணி 27, வெள்ளி

பால் அடிப்பிடித்துவிட்டது. நான் பக்கத்திலேயே நின்றுதான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மருமகள் கலாமணி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் பாதிச் சேலையோடு ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

"ஏனுங்கத்தை, வீடு முழுக்கப் பொகையிற வாசம், பக்கத்துலயே நிக்கறீங்களே!"

"தெரியும். நானே அணைக்கத்தான் வந்தேன்."

பாத்திரம் மெல்லிசு. இந்தக் காலத்துப் பாத்திரம் எல்லாமே அப்படித்தான்.

நாலு வீடு தள்ளி இருக்கிற கருணையம்மாள் போன வருசம் கேஸைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள். அன்றைக்கே அவள் மகன் சமையல்கட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டான். ஒரு காப்பித் தண்ணிக்கு மருமகள் முகத்தைப் பார்க்கிறாள். இப்போதெல்லாம் வெளியிலேயே வருவதில்லை. யார் வீட்டுக் கதையோ, எனக்கெதுக்கு.

ஆவணி 30, திங்கள்

பட்டறைக்காரன் பெஞ்சமின் செம்புக் குழாயை வளைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். விசாகன் மாட்டினான். டேங்கில் ரெண்டு லிட்டர் ஊற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டான். வண்டியைச் சுற்றி வந்தேன். மூன்று இடத்திலும் குனிந்து மூச்சிழுத்தேன்.

"வாசம் வருதுங்களா அப்பத்தா?"

"ஒண்ணுமில்லை. சுத்தமா இருக்குது."

"அப்பச் சரி!" என்று என் கன்னத்தைக் கிள்ளினான். கையெல்லாம் கிரீஸ்.

ஆவணி 31, செவ்வாய்

காலையில் பார்த்தால் வண்டிக்கு அடியில் விரித்திருந்த பேப்பரில், நடு ஜாயிண்டுக்கு நேராக, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஈரம்.

"அப்பத்தா, இவ்வளவு சொட்டியிருக்குதே! உங்களுக்குத் தெரீலீங்களா?"

"நேத்து காத்து அந்தப் பக்கம் அடிச்சுது."

"கொட்டாயிக்குள்ள எங்கீங்க காத்து?" என்று சிரித்தான். என்மேல் ஒரு சந்தேகமும் இல்லை அவனுக்கு. தன்மேல்தான் தப்பு என்று அந்த ஜாயிண்டைப் பிரித்து, வாயை மறுபடி விரித்து மாட்டினான்.

எனக்குக் காலை ஆகாரம் இறங்கவில்லை. ஒரு தீக்குச்சி விழுந்திருந்தால்?

புரட்டாசி 1, புதன்

சளிக்கு ஆடாதொடைக் கஷாயம். கசப்பு நாக்குக்குத் தெரிகிறது. நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

புரட்டாசி 4, சனி

முதல் சனி. பெருமாளுக்குத் தளிகை போட்டேன். சாம்பிராணிப் புகை கண்ணில் பட்டு எரிந்தது, அதை வைத்துத்தான் நிறையப் போட்டுவிட்டேன் என்று தெரிந்தது.

விசாகன் மறுபடி கூப்பிட்டான். இந்தத் தடவை நான் யோசித்துக்கொண்டே போனேன். இல்லை என்று சொல்லி இருந்துவிட்டால் என் பேரன் கதை முடிந்தது. இருக்கிறது என்று சொல்லி இல்லாவிட்டால் என்ன கெட்டுப் போகும்? இன்னொரு தடவை முறுக்குவான், அவ்வளவுதானே.

"வருது கண்ணு."

"எங்கீங்க?"

எங்கே என்று கேட்பான் என நான் நினைக்கவில்லை. டேங்குக்கிட்ட இருக்கிறதைக் காட்டினேன். ரெண்டு ஸ்பேனர் போட்டு முறுக்கினான்.

அப்புறம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

புரட்டாசி 8, புதன்

இன்றும் வருது என்று சொன்னேன். அதே இடம். மாற்றிச் சொன்னால் குழம்புவான். முறுக்கினான், நரம்பு புடைத்தது கையில்.

"பேப்பர்ல ஒரு பொட்டு ஈரம் இல்லீங்க. உங்க மூக்கு எந்த லேப்லயும் கிடைக்காது அப்பத்தா" என்றான்.

புரட்டாசி 10, வெள்ளி

கலாமணி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அத்தை, எங்க பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர் கொடுத்தாங்க. எப்படி இருக்குதுன்னு பார்த்துச் சொல்லுங்க."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மணல் மணலாக நல்ல பதம். முகர்ந்தேன். "ரெண்டு நாள் வெண்ணெய்ல காய்ச்சினது. பரவால்ல, காய்ச்சத் தெரிஞ்ச கை" என்றேன்.

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அது வனஸ்பதிங்கத்தை."

நான் கீரைக்கட்டைப் பிரித்தேன். கட்டினேன். மறுபடி பிரித்தேன்.

"டாக்டர்கிட்டப் போலாமுங்களா? இதுல வெக்கப்பட என்ன இருக்குது?"

"எதுக்கு? டாக்டர் சொன்னான்னு அடுப்பைப் புடுங்கறதுக்கா?"

"உங்க அடுப்பை யாரும் தொடலீங்க. நான் அப்படிப்பட்டவளா? ஆனா விசாகன்கிட்டயாவது சொல்லிருங்க. அவன் உங்களை நம்பி அங்க படுத்து எந்திரிக்கறான்."

"சொல்றேன்."

"நான் சொல்லட்டுங்களா?"

"என்ற பேரன்கிட்ட எனக்குப் பேசத் தெரியாதா அம்மிணி? நானே சொல்லிக்கறேன்."

அவள் எழுந்து போனாள். கிண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். இருபத்தாறு வருசமாக என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினவள் இல்லை.

புரட்டாசி 11, சனி

சொல்லத்தான் கொட்டகைக்குப் போனேன். அவன் பூனா கம்பெனியில் இருக்கிற ஒரு தமிழ்க்கார ஆபீசரோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். "எங்க பாட்டிதாங்க சார் எனக்குக் குவாலிட்டி செக்" என்று ஏதோ இங்கிலீஷும் தமிழுமாகச் சொல்லிச் சிரித்தான். அந்தப் பக்கமும் சிரிப்புச் சத்தம். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"வாசம் வருதுங்களா?"

"லேசா வருது" என்றேன்.

மூன்றாவது தடவை முறுக்கினான்.

புரட்டாசி 13, திங்கள்

பெஞ்சமின் வந்தான். நாற்பத்தைந்து வயசு, வாய் கொஞ்சம் நீளம். வண்டிக்கு அடியில் தலையை விட்டவன் டேங்குப் பக்கத்து நட்டைப் பார்த்துவிட்டு, "யாருப்பா இதை இந்தப் பாடு படுத்தினது?" என்றான். நட்டின் மூலையெல்லாம் தேய்ந்து பளபளத்தது.

"நாந்தானுங்ணா. மூணு வாட்டி முறுக்கினேன்."

"இது செம்பு தம்பி. பல்லைக் கடிச்சுட்டு முறுக்கறதுக்கு உன்ற சைக்கிளா? ஒருக்கா முறுக்கினா உக்காரும். மறுக்கா முறுக்கினா மொறைக்கும். மூணாவது வாட்டி வாய் பொளந்துக்கும். அதுவும் ரெண்டு லிட்டருக்குக் காட்டாது. டேங்க் ரொம்பினாத்தான் காட்டும்."

காகிதத்தால் துடைத்துப் பார்த்தான். காய்ந்து இருந்தது.

"இப்ப ஒண்ணுமில்லை. ஆனா கழட்டி வாயைப் புதுசா விரிச்சுப் போட்டா நல்லது."

"நாளன்னைக்குப் பூஜைங்ணா. டேங்கைத் திருப்பி எறக்கோணும், ஒரு நாள் போயிரும். அப்பத்தா வாசம் இல்லைன்னுட்டா போதும்."

"நெய்யம்மா மூக்குல அத்தனை நம்பிக்கையா?"

"எங்க குடும்பமே அந்த மூக்குல வளந்ததுங்ணா."

நெஞ்சு நிறைந்து போனது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டேன்.

புரட்டாசி 14, செவ்வாய்

டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றிவிட்டான். சாயங்காலம் கூப்பிட்டான். குனிந்தேன். வருது என்றால் மறுபடி முறுக்குவான், பெஞ்சமின் சொன்னது காதிலேயே நிற்கிறது. வேறு என்ன சொல்வது?

"இல்லை கண்ணு."

"நெசமாலுமே?"

"இல்லைங்கறேனல்லோ."

கலாமணி வாசலில் நின்று, "சொல்லிட்டீங்களா அத்தை?" என்று கண்ணாலேயே கேட்டாள். தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்புறம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

நாளைக்குப் பூஜை முடிந்ததும் கட்டாயம் சொல்லிவிடுவேன். நல்ல நாளில் முதல் காரியமாக இதை எப்படிச் சொல்வது?

புரட்டாசி 15, புதன், ஆயுத பூஜை

விடிந்ததுமே எழுதுகிறேன். பொரி, கடலை, அவல் வந்துவிட்டது. எலுமிச்சை நாலு. கல்யாணப் பூசணி ஒன்று, நல்ல கனம். என் நெய்க் கரண்டி, குமாரசாமி தறிக்கு முறுக்குகிற ஸ்பேனர், கலாமணியின் சாக்பீஸ் டப்பா எல்லாம் கழுவிப் பொட்டு வைத்தாயிற்று. விசாகன் வண்டியை ஷாம்பூ போட்டுக் கழுவுகிறான். கொட்டகை பூராவும் தண்ணீர்.

புரட்டாசி 16, வியாழன்

விசாகன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

புரட்டாசி 19, ஞாயிறு

கண் திறந்தான். தண்ணீர் கேட்டான்.

புரட்டாசி 23, வியாழன்

என்னை இன்னும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. கிருமி பட்டுவிடுமாம், வயசானவர்கள் வேண்டாம் என்கிறார்கள். வீட்டில் நான் மட்டும். அன்றைக்கு நடந்ததை எழுதி வைக்கிறேன்.

வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, கதம்பம் சுற்றியிருந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை. குமாரசாமி மணி அடித்தான். பூசணிக்காய் தலையில் நான்தான் சூடம் வைத்துப் பற்ற வைத்தேன். விசாகன் கையில் கொடுத்தேன். வண்டியை மூன்று சுற்று சுற்றி, வெளியே ரோட்டில் போட்டு உடைக்க வேண்டும்.

வண்டிக்கு அடியில் கழுவின தண்ணீர் தேங்கி நின்றது. பின்பக்கம் அந்தத் தண்ணீர்மேல் ஊதாவும் மஞ்சளுமாகக் கலர் கலராக ஓடியதைப் பார்த்தேன். ஷாம்பூ என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

கலாமணி முகத்தைச் சுளித்தாள். "ஏனுங்க, எனக்கென்னமோ பெட்ரோல் வாசம் தூக்கலா வருது. தம்பி, கொஞ்சம் நில்லு."

விசாகன் நின்றான். அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ஜனமெல்லாம் வந்திருந்தது. கலாமணியும் பார்த்தாள். அவள் பார்வை எனக்குப் பொறுக்கவில்லை. என்னை எல்லார் முன்னாலும் மாட்டி வைக்கத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று பட்டது.

"எனக்கு வராத வாசமா உனக்கு வந்துருச்சு?" என்றேன்.

சனம் சிரித்தது. குமாரசாமி, "நெய்யம்மாகிட்டயே வாசத்தைப் பத்திப் பேசறியா நீ?" என்று அவளைக் கிண்டல் பண்ணினான். அவள் வாயை மூடிக்கொண்டாள். விசாகன் சிரித்துக்கொண்டே நடந்தான்.

முதல் சுற்று ஆயிற்று. ரெண்டாவது சுற்றில் பின்பக்கம் போகும்போது சூடக்கட்டி ஒன்று பூசணியிலிருந்து வழுக்கி விழுந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. ஒரு பெரிய வேட்டியை உதறினால் கேட்குமே, அப்படி.

குமாரசாமி சாக்கை நனைத்து மூடினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் மண்ணை வாரி இறைத்தார்கள். கலாமணி வெறும் கையோடு உள்ளே போய் அவனை இழுத்துக்கொண்டு வந்தாள். நான் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன்.

வலது கை, கழுத்து, முகத்தில் வலது பாதி. கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியின் பின்பாதி கருகிப் போனது.

ஐப்பசி 3, திங்கள், தீபாவளி

நெய் காய்ச்சவில்லை.

ஐப்பசி 6, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து விசாகனை விட்டுவிட்டார்கள். நேராக ஈரோட்டுக்கு, அவன் அம்மாவைப் பெற்றவர்கள் வீட்டுக்கு. கலாமணி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே போய்விட்டாள். துணிமணி எடுக்க வந்தவள் என்னோடு பேசினாள். சாப்பாடு யார் போடுவார்கள், மாத்திரை எங்கே இருக்கிறது, எல்லாம் சொன்னாள். குரலில் ஒரு கோபமும் இல்லை. என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அவள் கையிலும் கட்டு.

"அவன்கிட்டச் சொல்லிட்டியா அம்மிணி?" என்றேன்.

"நீங்க சொல்லிக்கறேன்னு சொன்னீங்களே அத்தை" என்றாள்.

ஐப்பசி 9, ஞாயிறு

பெஞ்சமின் வந்து கருகின வண்டிக்கு அடியிலிருந்து குழாயைக் கழற்றி எடுத்தான். டேங்குப் பக்கத்து முனையைத் துடைத்து, என் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தான். விரித்த வாயின் ஓரத்தில் தலைமயிர் கனத்துக்கு ஒரு கீறல்.

"வேலை சுத்தமான வேலைங்க நெய்யம்மா. நானே இத்தனை அழகா விரிச்சிருக்க மாட்டேன். முறுக்கியே கொன்னுட்டான். அதான் புரியலை. காய்ஞ்சு கெடந்த ஜாயிண்டை எதுக்கு மூணு வாட்டி முறுக்கினான்?"

"தெரியலீங்க" என்றேன்.

காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனான்.

ஐப்பசி 22, சனி

குமாரசாமி ஈரோடு போய்விட்டு வந்தான். சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"பூனாவுக்கு வரலைன்னு எழுதிட்டானுங்கம்மா."

"கை சரியாகிரும்னு டாக்டர் சொன்னாரல்லோ?"

"கை இல்லீங்கம்மா. 'நான் போட்ட ஜாயிண்ட் தாங்கலைங்கப்பா. நாளைக்கு ரேஸ்ல ஒருத்தன் உசுரு என்ற நட்டுல நிக்கும். நான் அதைத் தொடக் கூடாது'ங்கறான். கம்பெனிக்காரங்க இன்னும் கொஞ்ச நாள் யோசிக்கச் சொல்லியிருக்காங்க. கார்த்திகை பத்து வரைக்கும். இவன் காது கொடுத்துக் கேக்கறதில்லை."

"கலாமணி என்ன சொல்றா?"

"அவ ஒண்ணும் சொல்றதில்லை. 'உங்கம்மாவைக் கேளுங்க'ங்கறா. உங்களை என்ன கேக்கறது?"

நான் எழுந்து போய் விளக்கேற்றினேன். தீக்குச்சி மூன்று தடவை அணைந்தது.

ஐப்பசி 24, திங்கள்

குமாரசாமி போனைப் பிடித்துக்கொள்ள, விசாகன் பேசினான். அவன் பக்கம் படம் வரவில்லை, கருப்பாக இருந்தது. கேமரா கெட்டுவிட்டதாம். அவனுக்குக் கேமரா கெட்டால் ஐந்து நிமிசத்தில் சரி பண்ணிவிடுவான் என்பது எனக்குத் தெரியாதா?

"சாப்ட்டீங்களா அப்பத்தா?"

"சாப்ட்டேன் கண்ணு."

"அப்பத்தா... அன்னைக்கு முத நாளு, டேங்க் ரொம்பினப்புறம், உங்களுக்கு வாசமே வரலீங்களா? நெசமாலுமே?"

குமாரசாமி பக்கத்தில் நின்றான்.

"சரி விடுங்க" என்று விசாகனே சொன்னான். "முந்தின நாள் நல்லாத்தான் இருந்திருக்கும். நான் போட்டது அப்புறமா விட்டிருக்குது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஐப்பசி 25, செவ்வாய்

எழுதிப் பார்த்தேன். கிழித்தேன்.

ஐப்பசி 26, புதன்

கிழித்தேன்.

ஐப்பசி 27, வியாழன்

இது நோட்டில் எழுதுகிறதுதான், ஆனால் இந்தத் தாளை எடுத்து நானே தபால் ஆபீசுக்குப் போய்ப் போட்டுவிட்டு வருவேன். குமாரசாமியிடம் கொடுத்தால் வழியில் படித்துவிட்டுத் திரும்பி வருவான். அவனுக்கு அப்புறம் சொல்கிறேன். முதலில் பேரனுக்கு.

விசாகனுக்கு அப்பத்தா எழுதுவது.

எனக்கு மூக்கு இல்லை கண்ணு. மாசியில் காய்ச்சல் வந்ததே, அன்றிலிருந்து இல்லை. பால் கருகினாலும் தெரியாது, பூ வாடினாலும் தெரியாது. சளி என்று உங்களுக்கும் சொன்னேன், இந்த நோட்டுக்கும் சொன்னேன். சளி போய் ஏழு மாசம் ஆயிற்று.

நீ முதலில் கேட்டபோது இல்லை என்று சொன்னேன். தெரியாமல் சொன்னது. மறுநாள் பேப்பரில் ஈரம் பார்த்துப் பயந்துபோய், அதற்கப்புறம் மூன்று தடவை வருது என்று சொன்னேன். அதுவும் தெரியாமல் சொன்னதுதான். அந்த ஜாயிண்டில் ஒரு வாசமும் வந்திருக்காது. அது காய்ந்து, கச்சிதமாக இருந்தது. பெஞ்சமின் பார்த்தான், நீ விரித்த வாய் தன் வேலையைவிட அழகு என்றான். அதை மூன்று தடவை முறுக்க வைத்துப் பிளந்தது என் வாய். கடைசியாக நீ நெசமாலுமே என்று கேட்டாயே, அன்றைக்கும் எனக்கு ஒன்றும் தெரியாது.

உன் அம்மாவுக்கு என் மூக்கு போனது தெரியும். முறுக்கச் சொன்னது பொய் என்பது தெரியாது. உன்னிடம் சொல்லச் சொன்னாள். சொல்கிறேன் என்றேன், சொல்லவில்லை. பூஜை அன்றைக்கும் அவள்தான் நில் என்றாள். சபையில் அவளை நான் அடக்கினேன். நீ யார் சொல்வதைக் கேட்க வேண்டுமோ அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாய். அது உன் தப்பில்லை, உன்னை அப்படி வளர்த்தது நான். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டு. அவள் எதுவும் சொல்ல மாட்டாள். ஆனால் நான் என் கையால் எழுதியிருக்கிறேன் என்று அவள் பார்க்க வேண்டும்.

அடுப்பு போய்விடும் என்று பயந்தேன். இதைத் தவிர வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இன்று காலையில் சிலிண்டரை நானே மூடிவிட்டேன். உன் அப்பன் ஓட்டலில் வாங்கி வருகிறான்.

கார்த்திகை பத்து வரைக்கும் நாள் இருக்கிறது. கம்பெனிக்கு எழுது. ஸ்பேனரை எடு. என்னோடு பேச வேண்டாம் என்றால் பேசாதே, அது என்னோடு இருக்கட்டும், உன் கையின்மேல் அதைப் போடாதே. உன் கையில் தப்பில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கட்டுப் பிரித்த பிறகு உன்னை எல்லாரும் பார்த்தாயிற்று, நான் பார்க்கவில்லை. போனில் கருப்பாகத்தான் வருகிறாய். ஒரு புது போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு கண்ணு. இடது கன்னத்தை மட்டும் காட்டி நிற்காதே. வலது பக்கம் தெரிகிற மாதிரி, வெளிச்சத்தில் நில்லு.